கொங்கு நாட்டில் சேவைச் சங்கங்களும் பொதுக்கொடையும்

சேவைச் சங்கம் என்பது ஓர் ஊரில் வெவ்வேறு தொழில் செய்பவர்கள் சந்தா கட்டி உறுப்பினராகி, குறித்த நாளில் தவறாமல் கூடி, ஊருக்குத் தேவையான பொதுக்காரியங்களைப் பணத்தாலும் உழைப்பாலும் செய்வதற்கென்று வைத்துக்கொள்ளும் அமைப்பு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் என்று கொங்கு நாட்டின் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், பேருந்து நிழற்குடையிலோ அரசுப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியிலோ மயானத்தின் வாசலிலோ ரோட்டரியின் பற்சக்கரமும் லயன்ஸின் இரட்டைச் சிங்கமுகமும் கண்ணில் படும். ரவுண்ட் டேபிள், ஜேசீஸ், இன்னர் வீல் ஆகியவையும் இந்த வரிசையில் அடங்கும். அரசும் இல்லாமல், ஒருவரின் சொந்த அறக்கட்டளையாகவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் நின்று இவை செய்யும் கொடை எப்படித் திரள்கிறது, எங்கே பலிக்கிறது, எங்கே வீணாகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அமைப்பு முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் 1905 பிப்ரவரி 23 அன்று மூன்று நண்பர்களுடன் கூடியதிலிருந்து ரோட்டரியின் வரலாறு தொடங்குகிறது. அதே நகரில் காப்பீட்டுத் தொழில் நடத்திய மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் 1917-இல் லயன்ஸ் உருவாயிற்று. 1925-இல் ஒஹையோ மாநிலத்தில் கூடிய லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்கான பணியை ஏற்கும்படி அவர் விடுத்த வேண்டுகோளே கண் சிகிச்சையை அந்தச் சங்கங்களின் முதல் வேலையாக்கியது. இந்தியாவில் ரோட்டரி 1920-இல் கல்கத்தாவிலும் 1929-இல் சென்னையிலும் வேர்விட்டது. லயன்ஸ் 1956-இல் பம்பாய் வழியாக வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது ரோட்டரியின் பழைய விதி. இன்று அது தளர்ந்துவிட்டாலும், பஞ்சாலை முதலாளி, வார்ப்பட ஆலைக்காரர், பம்ப்செட் உற்பத்தியாளர், ஆடிட்டர், மருத்துவர், கல்லூரி முதல்வர், நகைக்கடைக்காரர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

விதை வெளியூர் என்றாலும் மண் கோவையுடையது. சேவைச் சங்கம் என்ற பெயரைக் கேள்விப்படும் முன்பே இந்த ஊர் பொதுப்பணம் திரட்டத் தெரிந்திருந்தது. 1892-இல் எழுந்த விக்டோரியா டவுன்ஹால், எஸ்.பி.நரசிம்மலு நாயுடு முன்னின்று நன்கொடை திரட்டியதால் உருவானது. 1926-இல் பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. அதிலிருந்து வளர்ந்த பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் பள்ளிகள், தொழில்நுட்பக் கல்லூரி, மருத்துவமனை ஆகியவை நூறாண்டுகளாகக் கோவையின் முகத்தையே மாற்றிவந்திருக்கின்றன. 1930-இல் தி.சு.அவினாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், 1952-இல் திறக்கப்பட்ட ஜி.குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை ஆகியவையும் அதே மரபில் வந்தவை. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய ஆலைகளின் லாபம், ஒரு பகுதியாவது பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் ஊருக்கே திரும்பியது.

இன்னொரு வேர் கிராமத்தில் இருக்கிறது. மாரியம்மன் நோம்பி சாட்டினால் தலைக்கட்டு வரி போடுவார்கள். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் என்றால் அந்தத் தெய்வத்தைக் கும்பிடும் கூட்டத்தை, அதாவது குலப் பிரிவை, சேர்ந்த குடும்பம் ஒவ்வொன்றும், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தினாலும் பெங்களூரில் வேலை பார்த்தாலும், தன் பங்கைக் கொண்டுவந்து கட்டும். வரவும் செலவும் ஊர் நடுவில் படிக்கப்படும். மழை குறைந்து, கிணற்றை நம்பி வெள்ளாமை செய்யும் ஒரு நாட்டில் கூட்டுச்செலவு என்பது பழகிய காரியம். ஆனால் அந்த வரி கூட்டத்துக்குள், சாதிக்குள், ஊர் எல்லைக்குள் நின்றுவிடும். சேவைச் சங்கம் செய்த புதுமை, அதே பழக்கத்தை உறவின் எல்லையைத் தாண்டி எடுத்துச்சென்றது. கவுண்டரும் நாயுடுவும் செட்டியாரும் ஆர்.எஸ்.புரத்துக் குஜராத்தியும் மார்வாடியும் ஒரே கணக்கில் பணம் போட்டு, தாங்கள் யாருமே போகாத ஓர் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது உறவுமுறைக் கொடையில் நடக்காத ஒன்று. இதன் மதிப்பைக் குறைத்துப் பேசக்கூடாது. அதே நேரத்தில், சந்தா கட்ட முடிந்தவர்களே உறுப்பினராக முடியும் என்பதால், உதவி பெறும் மக்கள் அந்த மேசையில் உட்காருவதில்லை என்பதும் உண்மை. பெண்களும் நெடுங்காலம் வெளியே நின்றார்கள். 1924-இல் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியருக்கானதாக இருந்தது. 1980-களின் இறுதியில்தான் இரு பெரிய அமைப்புகளும் உலக அளவில் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றன.

பணம் வரும் வழிகள் பல. உறுப்பினர் கட்டும் சந்தாவில் பெரும்பகுதி கூட்டச் செலவுக்கும் மாவட்ட, அகில உலக அமைப்புகளுக்கும் போய்விடும். தர்மத்துக்கான பணம் தனியாகத் திரட்டப்படுகிறது: உறுப்பினர்களின் நன்கொடை, கலைநிகழ்ச்சி, மாரத்தான் ஓட்டம், மலர் வெளியீட்டில் விளம்பரம். பொதுமக்களிடம் வாங்கிய பணத்தை நிர்வாகச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்பது லயன்ஸின் விதி. அதனால் இரண்டு கணக்குகள் வைக்கப்படுகின்றன. ரோட்டரிக்கு 1917-இல் ஆர்ச் கிளம்ப் முன்மொழிந்த அறநிதி இருக்கிறது. அதற்கு வந்த முதல் நன்கொடை இருபத்தாறரை டாலர். இன்று அந்த நிதியின் உலக மானியம் பெற, திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 டாலராக இருக்கவேண்டும். உள்ளூர்ச் சங்கத்துடன் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் சேரவேண்டும். ஊருக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டறிந்து எழுதித் தரவேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அறக்கட்டளைகளுக்கு 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் பொருந்தும். அதன்படி பணம் முதலில் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்கே வரவேண்டும்; ஓர் அமைப்பு வாங்கியதை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நூற்பாலை, வார்ப்படம், பின்னலாடை என்று நடுத்தர அளவில் தொழில் நடக்கும் கொங்கு நாட்டில் இந்த வரம்பைத் தொடாத நிறுவனங்கள் ஏராளம். தொட்டவற்றுள்ளும் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு சமூகப்பணித் துறை வைக்க வசதியில்லை. அவை சேவைச் சங்கத்தின் அறக்கட்டளையை நாடுகின்றன. இதனால் சங்கங்களின் திட்டங்கள் பெரிதாயின. ஒரு காலத்தில் நோட்டுப் புத்தகமும் தையல் இயந்திரமும் வழங்கிய சங்கங்கள் இன்று டயாலிசிஸ் மையமும் பள்ளிக் கட்டடமும் கட்டுகின்றன. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது: மார்ச் மாதத்துக்குள் செலவழித்தாக வேண்டிய பணம், தேவையை விசாரிக்க நேரம் தருவதில்லை.

சங்கங்களின் வேலை எப்படி நடக்கிறது என்று அறியக் கண் சிகிச்சை முகாமே மிகச் சிறந்த சான்று. கோவையைச் சுற்றிய ஊர்களுக்கு இதில் இரண்டு பெரிய மருத்துவமனைகள் துணை. டாக்டர் ஆர்.வி.ரமணி முன்னின்று வளர்த்த சங்கரா கண் மருத்துவமனை சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் இருக்கிறது. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1997-இல் கோவைக்கு வந்தது. இரண்டும் பணம் கட்டுபவர்களிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு இலவச சிகிச்சையைத் தாங்குபவை.

முகாமில் வேலை இரண்டாகப் பிரிகிறது. இடம் பிடிப்பது, தலைமையாசிரியரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவைப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி முந்தின நாள் கிராமம் கிராமமாக அறிவிப்பது, பந்தல், நாற்காலி, சாப்பாடு, வரிசை ஒழுங்கு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை மருத்துவமனையின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிவு செய்தவருக்கு முதலில் எழுத்துப் பலகையில் பார்வை பார்ப்பார்கள், பிறகு கண் அழுத்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம், கடைசியாக மருத்துவர். கண்புரை முற்றியிருப்பவர்கள் அன்றே பேருந்தில் ஏறிவிடுவார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அறுவை சிகிச்சை முடிந்து, கறுப்புக் கண்ணாடியுடன் அதே ஊரில் கொண்டுவந்து விடப்படுவார்கள். ஒரு மாதத்தில் மறுபரிசோதனை.

முன்பு இப்படி இல்லை. பள்ளிக்கூட வகுப்பறையையே அறுவை அரங்காக்கி அங்கேயே ஆபரேஷன் செய்த காலம் உண்டு. கிருமித்தொற்றின் ஆபத்து பெரிது. புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி மாட்டி அனுப்புவதே அப்போதைய வழக்கம். மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று செய்யும் முறை தொற்றைக் குறைத்தது. 1992-இல் மதுரையில் அரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை உள்நாட்டிலேயே மலிவாகச் செய்ததும், வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாது என்ற நிலை போயிற்று. ஓர் ஊர்ச் சங்கம் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயும் இருபது பேரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இவ்வளவு பெரிய பலனைத் தந்ததற்குக் காரணம், அதன் பின்னால் இப்படிப்பட்ட நிரந்தர நிறுவனம் நின்றதுதான்.

ஆயினும் முகாமின் எல்லையைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அரவிந்த் மருத்துவமனையினரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே என்று தெரிந்தது. முகாம் இலவசம், ஆனால் வருவதற்குச் செலவு உண்டு. துணைக்கு வரும் மகனுக்கு ஒருநாள் கூலி போகும். வீட்டில் சமைப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் யார் என்ற கேள்வி பெண்களைத் தடுக்கும். ஆபரேஷன் என்றால் பயம். இந்த முடிவை அந்த மருத்துவமனை மனதில் ஏற்று, 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிப்பார். தொலைவிலிருக்கும் மருத்துவர் காணொளி வழியாகப் பேசுவார். சேவைச் சங்கங்கள் இந்த ஆய்விலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. முகாமில் கூடிய ஆயிரம் பேரின் புகைப்படம் பத்திரிகையில் வரும். வராத பதின்மூவாயிரம் பேரை யாரும் படம் எடுப்பதில்லை.

போலியோ ஒழிப்பு இதற்கு நேர்மாறான அனுபவம். அங்கே வராத குழந்தையைத் தேடிப்போவதே வேலையாக இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி.ஜேக்கப் ஜான், அவ்வூர் ரோட்டரி சங்கத்தின் துணையோடு, ஒரே நாளில் ஊர் முழுவதும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்துகாட்டினார். 1985-இல் ரோட்டரி உலக அளவில் போலியோ பிளஸ் திட்டத்தை அறிவித்து, 12 கோடி டாலர் திரட்ட நினைத்து 24 கோடிக்கு மேல் திரட்டியது. இந்தியாவில் தேசிய அளவிலான சொட்டு மருந்து நாட்கள் 1995 டிசம்பரில் தொடங்கின. மருந்தும் செவிலியரும் அரசின் பொறுப்பு. கொங்கு நாட்டுச் சங்கங்கள் வாகனம், பணியாளருக்கு உணவு, பேனர், பேருந்து நிலையத்தில் மேசை என்று தோள் கொடுத்தன. திருப்பூர் போன்ற ஊரில் இது எளிய வேலையில்லை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளர் குடும்பங்கள், செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள், வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்தது. ஒரே இலக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பிடித்திருந்தால் சேவைச் சங்கங்களால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

விடாமல் பிடித்திருப்பது இந்தச் சங்கங்களுக்கு ஏன் கடினம் என்பது அவற்றின் நாட்காட்டியிலேயே இருக்கிறது. ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. தலைவர், செயலாளர், மாவட்ட ஆளுநர் எல்லோருக்கும் ஓராண்டுதான் பதவி. பதவி ஒருவரிடமே தேங்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் புதிதாக வரும் தலைவர் ஒவ்வொருவரும் தன் ஆண்டுக்கென்று ஒரு புராஜெக்ட் வேண்டும் என்று நினைப்பார். சென்ற ஆண்டு வைத்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வடிகட்டியை மாற்றுவது யாருடைய சாதனைப் பட்டியலிலும் ஏறாது. பல அரசுப் பள்ளிகளில் பெயர்ப்பலகை பளபளப்பாகவும் இயந்திரம் ஓடாமலும் இருப்பதற்கு இதுவே காரணம். கழிப்பறை கட்டுவதைவிடத் தினமும் அதைக் கழுவ ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதே பெண் குழந்தைகளுக்கு உண்மையில் பயன்படும் கொடை. டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தருவது ஒருமுறைச் செலவு. நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார், வாழ்நாள் முழுவதும் வருவார். டெக்னீஷியன், சுத்த நீர், டயலைசர், மின்சாரம் எல்லாம் தொடர்செலவு.

இந்தக் குறைக்கு இங்குள்ள சங்கங்கள் கண்ட வழி அறக்கட்டளை. சங்கத்தின் மூத்த உறுப்பினர்களும் ஊர்ப் பெரியவர்களும் அறங்காவலராக இருக்க, தனி வங்கிக் கணக்கும் தனி ஊழியரும் வைத்து, ஆண்டுத் தலைவர் மாறினாலும் மாறாத ஒரு நிறுவனத்தை உண்டாக்குகிறார்கள். இதன் சிறந்த வடிவம் மயானப் பணி. ஈரோட்டில் காவிரிக்கரையில் ரோட்டரி அறக்கட்டளை நடத்தும் 'ஆத்மா' மின்மயானத்தைப் போல, கொங்கு நகரங்களில் மின்சார, எரிவாயு தகன மேடைகள் பல சேவை அமைப்புகளின் பொறுப்பில் நடக்கின்றன. இடம் உள்ளாட்சியுடையது, கட்டணம் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது, வண்டியும் ஆளும் எந்நேரமும் தயாராக இருக்கவேண்டும். விடுமுறை எடுக்க முடியாத வேலை இது. கொரோனா காலத்தில், சொந்தக்காரர்களே நெருங்கத் தயங்கிய உடல்களை இத்தகைய மயானங்களின் ஊழியர்கள் இரவும் பகலும் தகனம் செய்தார்கள். பதவியேற்பு விழா மேடையில் அவர்கள் பெயர் வாசிக்கப்படுவதில்லை, வாசிக்கப்பட வேண்டும்.

2021 மே மாதத்தின் இரண்டாம் அலையில் கோவையின் தினசரித் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. ஆக்சிஜன் செறிவூட்டி, படுக்கை, உணவுப் பொட்டலம் என்று தொழில் அமைப்புகளும் சேவைச் சங்கங்களும் ஓடி உழைத்தன. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில் ரோட்டரியின் முயற்சியில் கூடுதல் படுக்கைகளுக்கான கட்டடம் எழுந்தது. தொற்று ஓய்ந்த பின்னும் அந்தக் கட்டடம் அரசு மருத்துவமனையின் பகுதியாகவே நிற்கிறது என்பதால் அது நிலைத்த கொடை. ரத்ததானம் வேறுவகை. பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நிறுத்தினார்கள். அதன்பின் ரத்த வங்கிகள் தன்னார்வக் கொடையாளரையே நம்பவேண்டியதாயிற்று. கல்லூரிகள் மூடிக்கிடக்கும் கோடையில்தான் தட்டுப்பாடு வரும். அந்த மாதங்களில் ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் முகாம் நடத்துவதே பயனுள்ளது.

சங்கம் அல்லாத ஒரு முன்மாதிரியையும் இங்கே குறிப்பிடவேண்டும். சாந்தி கியர்ஸ் நிறுவனத்தை உருவாக்கிய பி.சுப்பிரமணியம் 1996-இல் சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். குறைந்த விலையில் உணவு, மருந்து, பரிசோதனை, டயாலிசிஸ் ஆகியவற்றைத் தரும் அமைப்பு அது. முற்றிலும் இலவசம் என்று வைக்காமல், அடக்கத்துக்கு ஒட்டிய சிறு தொகை வாங்கியதால் வருபவர் தலைநிமிர்ந்து வந்தார். நிறுவனமும் தன் காலில் நின்றது. விளம்பரத்தை விரும்பாத அவர் 2020 டிசம்பரில் காலமானார். மறைவுக்குப் பின் 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேடை, மாலை, புகைப்படம் இல்லாமலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படலாம் என்பதை இந்த ஊரே கண்ணாரக் கண்டிருக்கிறது.

தண்ணீர்ப் பணியில் சேவைச் சங்கங்களின் கொடை மிகக் கடுமையான சோதனையைச் சந்திக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூர், உக்கடம், சிங்காநல்லூர் என்று குளங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டு திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் ஆறு. அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று முன்னோர் அமைத்த ஏற்பாடு நகரம் பெருத்தபோது சிதைந்தது. வறட்சிக்குப் பின் 2003-இல் கோவைத் தொழில் நிறுவனங்கள் சேர்ந்து சிறுதுளி அமைப்பை ஏற்படுத்தின. குளங்களைத் தூர்வாரவும் மழைநீரைச் சேமிக்கவும் சங்கங்களும் கல்லூரி மாணவர்களும் அதனோடு கைகோத்தார்கள். 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு ஞாயிறுதோறும் களத்தில் இறங்கி வேலை செய்கிறது. திருப்பூரில் 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்', நிலத்தில் தண்ணீரும் வேலியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மரக்கன்று நடுகிறது. நட்ட எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்வதைவிடப் பிழைத்த மரத்தைக் கணக்கிடும் இந்த வழக்கம் எல்லாச் சங்கங்களும் பின்பற்றத்தக்கது.

ஆனால் தூர்வாரிய குளத்தில் மறுநாளே சாக்கடை வந்து விழுந்தால் கொடையால் என்ன செய்யமுடியும்? சாயக்கழிவு தேங்கி, நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கே உதவாமற்போன கதை கொங்கு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தடுத்து நிறுத்தியது விவசாயிகள் தொடுத்த வழக்குகளும், கழிவு வெளியேற்றாத முறைக்கு மாறும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 ஜனவரி உயர்நீதிமன்ற உத்தரவும்தான். சட்டம் செய்யவேண்டிய வேலையைத் தர்மம் செய்துவிட முடியாது. ஆற்றில் கழிவு கலக்கும் தொழிலில் இருப்பவரும் ஆற்றைச் சுத்தம் செய்யும் சங்கத்தில் இருப்பவரும் சில வேளைகளில் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த வட்டத்துக்குள் இதைப் பேசும் துணிவு வரவேண்டும். அது வந்தால், பல லட்சம் ரூபாய் நன்கொடையைவிட நொய்யலுக்கு அதிகம் உதவும்.

அரசோடு சேர்ந்து கொடுக்கும் வழிகள் இப்போது தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசு ஏற்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு நேரடியாக உதவ 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. சங்கத்தின் உதவி தேவைப்படும் பள்ளியோ ஆரம்ப சுகாதார நிலையமோ முதலில் தலைமையாசிரியர் அல்லது மருத்துவ அலுவலரின் கடிதத்துடன் அணுகுகிறது. சங்கத்தின் குழு நேரில் வந்து பார்க்கிறது, மதிப்பீடு தயாராகிறது, துறையின் அனுமதி பெறப்படுகிறது. உலக மானியமோ கம்பெனிப் பணமோ வருவதாக இருந்தால் ஒப்பந்தம் எழுதப்படும். அந்த ஒப்பந்தத்தில் நிறைய நேரம் செலவிட வேண்டிய பக்கம், வேலை முடிந்த பிறகு நடப்பதைப் பற்றிய பக்கம். மின்கட்டணம் யார் கட்டுவது, பழுது பார்ப்பவர் யார், வடிகட்டியும் பேட்டரியும் மாற்ற எந்தக் கணக்கிலிருந்து பணம், மூன்றாம் ஆண்டு யார் வந்து பார்ப்பது என்பவை அதில் பெயரோடும் தொகையோடும் எழுதப்பட வேண்டும். பராமரிப்புக்கென்று மொத்தச் செலவில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியைப் பள்ளி மேலாண்மைக் குழுவும் சங்கமும் கூட்டாகக் கையாளும்படி செய்வது நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு. ஆண்டு முடிவில் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்று கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் போகிறது. அதன் ஒரு பிரதி பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டால் பெற்றோர்களும் படிக்கலாம்.